சீரான மூச்சு

லேபில் தட்டைத் திறந்து விளக்கருகே பிடித்ததும் அவளுக்கு வந்தது பயமல்ல, எரிச்சல்.

நோயாளியின் சளியில் இருக்கும் கிருமியைக் கூழ் ஊற்றிய தட்டில் பூசி, மேலே பொட்டு அளவு மருந்து வில்லைகளை வைத்து, ஒரு ராத்திரி சூட்டுப் பெட்டியில் விடுவார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவான வட்டம் விழும்; கேட்காவிட்டால் விளிம்புவரை படர்ந்திருக்கும். இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும். இந்தத் தட்டிலோ ஓரமெல்லாம் வெறிச்சோடிக் கிடக்க, வளர்ந்தது மொத்தமும் ஒரே ஒரு வில்லைமேல், சிந்திய சர்க்கரையை எறும்பு மொய்த்ததுபோல, மேடாக ஏறி நின்றது. மற்றதெல்லாம் தோற்றபின் ஆஸ்பத்திரியிடம் மிச்சமிருந்த கடைசி மருந்து அந்த வில்லையில்தான் இருந்தது.

"பூசத் தெரியலன்னா சொல்லிடுங்க. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகலாம்."

ரிட்டயராக இன்னும் கொஞ்ச காலமே இருந்த டெக்னீஷியன் தலையைக் குனிந்துகொண்டார். "மூணு தட்டு போட்டேன் மேடம். மூணுலயும் அந்த மருந்துகிட்டயே ஓடுது."

"ஓடுதா? கால் முளைச்சிருக்கா? செருப்பு வாங்கிக் குடுங்க."

ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அடுத்தவர் தப்பைப் பெரிதாக்கிப் பார்ப்பாளாம். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். வார்டு டாக்டர்கள் எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிகிறவர்கள் என்பதும், கிருமியைக் கண்ணால் பார்க்கிறவள் தான் ஒருத்திதான் என்பதும் அவள் கட்சி. இந்தச் சளி அக்கா புருஷனுடையது. முதல் தடவை வந்ததை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். "இது சளி இல்ல, எச்சில். உன் வீட்டுக்காரருக்கு உருப்படியா இருமக்கூடத் தெரியலையா?" என்று அக்காவிடம் போனில் கேட்டும் இருந்தாள். ஆயுசெல்லாம் சிகரெட்டை ஊதித் தள்ளிய மனுஷருக்கு அதற்குமேல் என்ன மரியாதை?

அவர் கிடந்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் போட்டாள். அங்கே டாக்டர் சிரித்தபடி எடுத்தான்.

"அந்த மருந்தை நிறுத்துங்க. கிருமி அதைத் தின்னு வளருது."

"நிறுத்துறதா? அது ஏறினதுக்கப்புறம்தான் மேடம் மூச்சு சீரா வருது. மத்த பெட்டுக்கும் போட்டுட்டோம். நேர்ல வந்து பாருங்க."

மாட்டுக்கு ஊசி போடவேண்டியவன், என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினாள்.

ஞாயிறு மத்தியானம். மழை மூட்டம் கட்டி, நடைபாதை ஜன்னல்களில் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர்போலத் தேங்கி நின்றது. எப்போதும் தள்ளுவண்டிச் சத்தமும் செருப்புச் சத்தமும் யாரோ யாரையோ கத்திக் கூப்பிடுவதுமாக இருக்கும் அந்த நீளத்தில் இப்போது அவள் நடை மட்டும் கேட்டது, அதற்கும் அடியில், சுவருக்குள் எங்கோ பெரிய துருத்தி ஒன்றை அவசரமில்லாமல் இழுத்து விடுவதுபோல இன்னொரு சத்தமும். ஏ.சி. மெஷினைச் சுத்தம் செய்ய ஒருத்தனுக்கும் வக்கில்லை, என்று நினைத்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கியிருக்கும் என்று எதிர்பார்த்த முகம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"குழாயை எடுத்துட்டாங்கடி. தானா மூச்சு விடுறார். கேக்குதா?"

"யார் எது சொன்னாலும் நீ நம்பிடுவே. தள்ளு."

அக்கா நகரவில்லை. கொஞ்சம் காத்திருந்து, மூச்சை விட்டபிறகுதான் பேசினாள். "நீயும் உள்ள போ."

உள்ளே ஒரு அலாரமும் அடிக்கவில்லை. அவளுக்கு அதுவே பிடிக்கவில்லை. பழுத்துக் கனிந்த திராட்சை வாசனை, இனிப்பாக, ஈரமாக, முகமூடியையும் தாண்டி வந்து நாக்கில் ஒட்டியது. சில கிருமிகள் தட்டில் அப்படி மணக்கும். ஆனால் ஒரு அறையே மணக்குமா?

இரண்டு வரிசையிலும் கட்டில்கள். எல்லாப் போர்வையும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.

அத்தானிடம் போனாள். மானிட்டரில் கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஒயர் கழன்றிருக்கும், கவனிக்காத கழுதைகள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. விறைத்து வெகுநேரம் ஆகியிருந்தது.

நெஞ்சு ஏறியது. இறங்கியது.

பக்கத்து மானிட்டரைப் பார்த்தாள். நேர்கோடு. அதற்கடுத்தது. நேர்கோடு.

"டாக்டர்! இவங்க எல்லாரும் செத்துட்டாங்க!"

அவன் நர்ஸுகளோடு சுவரோரம் நின்றிருந்தான். அதே சிரிப்பு. போர்வைகள் இறங்கும்வரை பொறுத்திருந்தான்.

"ஆனா மூச்சு..." போர்வைகள் ஏறின. இறங்கின. "...எவ்வளவு சீரா இருக்கு, பாருங்க மேடம்."

அவன் நெஞ்சும் அப்போதுதான் இறங்கியது. நர்ஸுகளுடையதும். கதவருகே வந்து நின்ற அக்காவுடையதும்.

டிரிப்ஸை மூடினாள். ஒன்றும் மாறவில்லை. ஊசியைப் பிடுங்கினாள். ரத்தம் வரவில்லை. நெஞ்சு ஏறியது.

சீ. இந்த மந்தையோடு நானா? இந்தக் காற்றை நான் இழுப்பதா? முகமூடியோடு சேர்த்து மூக்கையும் வாயையும் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினாள். முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்தாள். இன்னும் இறுக்கினாள். விரல் நகம் கன்னத்தில் பதிந்தது.

ஒரு துளிக் காற்றும் போகவில்லை. நிச்சயமாகப் போகவில்லை.

கட்டில்களில் போர்வைகள் ஏறின.

பொத்திய கைக்குக் கீழே, மெதுவாக, சீராக, அவள் நெஞ்சும் ஏறியது.