க்ளைட்டின் கைக்கு ஒரு வளையம்

பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் வரைந்திருந்த அந்தக் கையில், சுண்டுவிரலும் நடுவிரலும் ஒரே நீளத்தில் இருந்தன.

லோர்னா டைஸனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. காகிதத்தின் மேல் தம்பியின் கையை விரித்து வைத்து ஓரமாகப் பென்சிலை ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியனுப்பினால், எழுபது வயதாகியும் அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத மனிதர்! ஆர்வில் ஹாஸ்கல் தொப்பியைக் கழற்றாமல் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மாட்டுப் பண்ணைக்காரர். மலைக்கு மேலே அவரும் அவர் தம்பி க்ளைட்டும் மட்டும்தான். க்ளைட்டுக்குக் கை கொஞ்சம் பெரிது, துப்பாக்கியின் வளையத்துக்குள் விரல் போகவில்லை, அகலமாக்கித் தர வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

மோன்டானாவின் அந்தப் பகுதியில் லீவர் துப்பாக்கிகளை மட்டும் திருத்தித் தரும் கடை அவளுடையது ஒன்றுதான். விசைக்குக் கீழே தொங்கும் இரும்பு வளையத்தில் விரல்களை நுழைத்துக் கீழே தள்ளி மேலே இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே விழுந்து அடுத்த தோட்டா ஏறும். அவ்வளவு எளிமையான கருவி. அதைக் கொண்டுவருகிற ஆட்கள்தான் அவளுக்குச் சகிக்கவில்லை. உண்மையாக வேட்டைக்குப் போகிறவர்கள் பத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் பல் டாக்டர்கள், வீட்டுமனைத் தரகர்கள், கலிஃபோர்னியாவிலிருந்து வந்து இறங்கி மறுநாளே தொப்பி வாங்கியவர்கள். வளையத்தைப் பெரிதாக்கு, பித்தளையில் என் பெயரைச் செதுக்கு என்பார்கள். பிறகு வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒற்றைக் கையில் சுழற்றிப் பார்த்துத் தங்கள் மூக்கை உடைத்துக்கொள்வார்கள். ஆர்வில் ஹாஸ்கலையும் அந்த வரிசையில் கடைசியில் நிறுத்திவிட்டு அவள் வேலையை ஆரம்பித்தாள்.

வளையத்தை வெட்டி, துண்டு வைத்துப் பற்றவைத்து, அரத்தால் ராவி, கருநீலச் சாயம் ஏற்றிக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் கிழவர் திரும்பி வந்தார். இறுக்கமாக இருக்கிறதாம்.

இன்னொரு காகிதம் கொண்டுவந்திருந்தார். அவர் போன பிறகு பழையதைப் புதியதன் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள் லோர்னா. கை ஒரு விரல் அகலம் வளர்ந்திருந்தது. கோடு இம்முறை நடுங்கியிருந்தது. கட்டைவிரல் பக்கம் வரும்போது பென்சில் காகிதத்தைக் கிழித்திருந்தது.

விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தாள். பக்கத்து ஊரில் எல்லா வகைத் துப்பாக்கியும் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஹார்லன் பீட்டியின் வேலை இது. அளவுகோலைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆள். அவன் கெடுத்த துப்பாக்கிகளில் பாதி அவளிடம்தான் வந்து சேர்ந்தன. இந்தக் கிழவரை ஏவிவிட்டுத் தன்னைக் கேலிப்பொருளாக்கப் பார்க்கிறான். சரி, ஆடட்டும். சொன்ன அளவுக்கே வளையம் செய்து கொடுத்தாள்.

மார்ச் முதல் வாரம் ஆர்வில் மறுபடியும் வந்தார். இப்போது தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை ஆறு அங்குலம் நீள வேண்டுமாம். ஆறு அங்குலம். அந்த நீளத்துக்குக் கை உள்ள மனிதன் நின்றால் விரல் தரையில் உரசும். அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை. அவர் மெலிந்துபோயிருந்தார், கோட்டுக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது.

"க்ளைட் இன்னொண்ணும் சொல்லச் சொன்னாம்மா," என்றார். "லீவர் இழுக்கும்போது மணலரைக்கிற மாதிரி இருக்காம். வேலை தெரிஞ்சவ செஞ்சதா தெரியலயாம்."

கேலி என்று தெரிந்தும் அது அவளைச் சுட்டது. இருபத்தாறு வருடத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. பதினோரு நாள் மற்ற எல்லா வேலைகளையும் ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றின்மேலேயே உட்கார்ந்தாள். உள்ளே உரசும் ஒவ்வொரு இரும்பையும் எடுத்து, எண்ணெய்க் கல்லில் தேய்த்து, முகம் தெரியும்வரை மெருகேற்றினாள். பழைய வால்நட் மரத்தில் புதுக் கட்டை இழைத்தாள். முடிந்ததும் லீவரைத் தள்ளி இழுத்தாள். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போய் வந்தது. அதைவிட நல்ல வேலை அவள் கையிலிருந்து வந்ததில்லை. அதைப் பிடிக்கத்தான் உலகத்தில் கை இல்லை.

வாங்கிப்போக வந்த ஆர்வில், கட்டையை ஆளின்மேல் வைத்துப் பார்த்துத்தான் கடைசியாக இழைக்க வேண்டும், நீங்களே வந்துவிடுங்கள் என்றார். லோர்னா உடனே ஒப்புக்கொண்டாள். அங்கே ஹார்லனும் அவன் கூட்டாளிகளும் பீர் டப்பாக்களோடு காத்திருப்பார்கள். அவர்கள் மூஞ்சிக்கு நேரே சொல்ல நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள். மலைச்சாலையில் பனி விழுந்து கிடந்ததால் அவருடைய வண்டியிலேயே ஏறிக்கொண்டாள்.

போய்ச் சேரும்போது மதியம் இரண்டு மணி. வெயில் கண் கூசும்படி பனியில் அடித்துக்கொண்டிருந்தது. வேறு வண்டி எதுவும் இல்லை. வேறு வண்டி வந்த தடமும் இல்லை. வீடு, அதற்கு எதிரே மரக் கொட்டகை, இரண்டுக்கும் அப்பால் வெள்ளையாக நீண்டு கிடந்த மேய்ச்சல் நிலம், அதன் எல்லையில் கம்பி வேலி. மாடுகள் எல்லாம் நிலத்தின் தூரத்து மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொட்டகைக்கு முதுகைக் காட்டி நின்றன. வைக்கோல் வண்டியில்தான் இருந்தது. ஒரு மாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றுகூடக் கத்தவில்லை.

கொட்டகையின் தள்ளுகதவு ஒரு சாண் திறந்திருந்தது. சாணி நாற்றத்தை எதிர்பார்த்து நடந்தவளுக்கு, நனைந்த இரும்பும் புளித்த பாலும் கலந்ததுபோல ஒரு வாடை வந்து தொண்டையில் ஒட்டியது. அதற்கடியில் வேறொரு வாடை. கடைசியில்தான் அடையாளம் தெரிந்தது. அவள் கடையின் துப்பாக்கி எண்ணெய்.

ஆர்வில் துப்பாக்கியில் தோட்டாக்களைப் போட்டார். மெதுவாக, ஏழு. பிறகு அதைக் கதவிடுக்கில் பனியில் வைத்து, துடைப்பக் கட்டையால் உள்ளே தள்ளிவிட்டார். சிங்கத்துக்குக் கறி தள்ளுகிறவன் மாதிரி. லோர்னா அதைக் கேட்க வாயைத் திறந்தாள்.

உள்ளே, மேலே, கூரைக்குப் பக்கத்தில் ஏதோ நகர்ந்தது. பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக முனகின. பிறகு முனகல் கீழே வந்தது.

கை வெளியே வந்தது.

அவள் கோடாகப் பார்த்திருந்த கை. பென்சில் எங்கும் தவறவில்லை. நகமில்லாத விரல்கள் பனியைத் தடவி, கட்டையைத் தடவி, வளையத்தைக் கண்டுகொண்டு ஒவ்வொன்றாக உள்ளே போயின. இடைவெளியே இல்லாமல் பொருந்தின. அந்த ஒரு கணத்தில், பயத்துக்கும் முன்னால், லோர்னாவுக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஓரடி பின்வாங்கினாள்.

கை உள்ளே போனது. துப்பாக்கியும் போனது.

"வளையம் பரவால்ல," என்றது உள்ளே ஒரு குரல். வறண்ட, அவசரமில்லாத ஆண் குரல். அவள் கடைக்கு வரும் எத்தனையோ பேரின் குரல். எதிலும் குறை கண்டுபிடிக்கிற, யாரையும் மதிக்காத குரல். "கட்டை ரொம்ப சுமார்."

இருபத்தாறு வருடப் பழக்கத்தில் அவள் வாய் தானாகப் பேசியது. "தோள்ல வெச்சுப் பாருங்க."

"தோளா?" என்றது குரல். கொஞ்ச நேரம் சிரித்தது. சிரிப்பு ஒரே இடத்திலிருந்து வரவில்லை. "ஆர்வில். கேளு. இவ நல்லா நடப்பாளான்னு கேளு."

கிழவர் அவளைப் பார்த்தார். கடையில் ஒருமுறைகூடப் பார்க்காத முகத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். கண்கள் ஈரமாக இருந்தன.

"அந்த வேலி வரைக்கும் நடக்கச் சொல்றாம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "அங்க போய்ட்டா விட்டுடுவான்."

"யாராவது போயிருக்காங்களா?"

"ஹார்லன் பாதி தூரம் போனாரு," என்றார் ஆர்வில்.

அவர் வீட்டுக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. வண்டிச் சாவி அவர் பையில்.

லோர்னா நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் அதற்குப் பிடிக்கும் என்று தோன்றியது. பனி முதலில் கணுக்கால்வரை, பிறகு முழங்கால்வரை. ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாகத் தொங்கியது. வேலி அதே தூரத்தில் இருந்தது.

பின்னால் லீவர் அசைந்தது.

ஒரு மணல் உரசல்கூட இல்லை. வெண்ணெய். அவளுடைய பதினோரு நாள். முதுகின் நடுவில், கோட்டுக்கு அடியில், ஓர் இடம் குளிர்ந்து காத்திருந்தது.

வெடி வரவில்லை.

மறுபடி லீவர். ஏதோ சிறிதாகப் பனியில் பொத்தென்று விழுந்தது. மறுபடி லீவர். மறுபடி பொத். சுடாத தோட்டா. ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அவள் எண்ணினாள். நான்கு. ஐந்து. ஆறு. நடந்தாள். ஏழு.

பிறகு கனமாக ஒன்று விழுந்தது.

அவள் திரும்பினாள்.

துப்பாக்கி கொட்டகை வாசலில் பனியில் கிடந்தது. வேண்டாததைத் தூக்கி எறிந்ததுபோல, குழல் கீழே புதைந்து, வால்நட் கட்டை வானத்தைப் பார்த்து. அதைச் சுற்றி ஏழு தோட்டாக்கள் வெயிலில் மின்னின. கதவு முழுவதும் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. வீட்டு ஜன்னலில் திரை இழுக்கப்பட்டிருந்தது.

வாசலிலிருந்து தடம் வந்தது. கால்தடம் இல்லை. கைகள். விரிந்த கைகள், ஒன்றுக்கு முன்னால் ஒன்று, நேராக அவளை நோக்கி. பனி ஆழமாகிற இடம்வரை.

அங்கே நின்றுவிட்டன.

அதற்கும் அவளுக்கும் நடுவில் அவள் நடந்துவந்த தடம் மட்டும். இருபுறமும் பனி வழவழவென்று, யாரும் தொடாமல், வெயிலில் மின்னிக்கொண்டு. காற்று இல்லை. சத்தம் இல்லை.

அந்தப் பனி ஓர் இடத்தில் மேலே எழும்பியது. போர்வைக்கு அடியில் பூனை நகர்வதுபோல. தணிந்தது. அதற்கு முன்னால் எழும்பியது. தணிந்தது.

அவசரமே இல்லாமல், அவள் பூட்ஸை நோக்கி.