கொஞ்சம் புள்ளையப் புடிங்க

குழந்தையை வாங்கிக்கொண்ட கை ஈரமாக இருந்தது. வெளியே மழை இல்லை.

பூவிழிக்கு அது உடனே உறைத்தது. அவளுக்கு எல்லாமே உடனே உறைக்கும். பால்காரர் சிரித்தால்கூடப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று எட்டிப் பார்க்கிறவள். ஆனால் மரக்காணத்துச் சாயங்கால டவுன் பஸ்ஸில் சந்தேகத்துக்கெல்லாம் ஏது இடம்? ஒற்றைக் காலை ஊன்ற இடம் கிடைத்தாலே புண்ணியம். கைக்குழந்தையோடு ஏறுகிறவள் கூட்டத்துக்குள் குழந்தையை நீட்டிவிட வேண்டியது. உட்கார்ந்திருக்கிற யாராவது மடியில் வைத்துக்கொள்வார்கள். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யார் என்ன என்று விசாரிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. பூவிழியே அப்படி எத்தனையோ மடிகளில் தூங்கி வளர்ந்தவள்தான்.

அதனால்தான் சத்யாவை நீட்டினாள். ஒன்றரை வயது, மஞ்சள் கவுன். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதில் அழுது ஓய்ந்திருந்தது. இரண்டு முதுகுகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கை நீண்டு வந்து வாங்கிக்கொண்டது. முகம் தெரியவில்லை.

"யாருக்கா வாங்கினது?" என்று பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற சகாயமேரியைக் கேட்டாள். கூனிமேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே தெரு.

"பின்னால யார்னா வெச்சினு இருப்பாங்க. உன் புள்ளைய தூக்கினு போயி இன்னா பண்ணப் போறாங்க?"

பஸ் ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் உப்பளப் பாத்திகள், அவற்றில் கொஞ்சம் போல மிச்சமிருந்த வெளிச்சம், கரையோரம் தார்ப்பாய் போட்டு மூடிய உப்புக் குவியல்கள். உள்ளே வியர்வையும் வாடிய மல்லியும் டீசலும் மீன்கூடையும் கலந்த வாடை, அதற்கும் அடியில், பாத்தியில் பல நாள் தேங்கிச் சுண்டிய தண்ணீரின் காட்டம் பின்பக்கமிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்து அவள் தொண்டையில் படிந்தது. டிரைவர் இன்னும் லைட் போடவில்லை. பின்னால் தலைகள் எல்லாம் ஒரே இருட்டாகச் சேர்ந்துவிட்டன. பூவிழி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்யாவின் முனகல்கூடக் கேட்கவில்லை.

"எம்புள்ள யார்கிட்ட இருக்குது?"

"எங்கிட்ட இல்லமா," என்றது ஒரு குரல்.

"ஜன்னலோரம் ஒரு அம்மா வெச்சினு இருக்குது," என்றது இன்னொன்று. "மேலெல்லாம் நனைஞ்சு போயி உக்காந்திருக்குது. பக்கத்து சீட்டுலகூட யாரும் உக்காரல."

இவ்வளவு கூட்டத்தில் ஒரு சீட்டு காலியா? பூவிழி பின்பக்கம் திரும்பினாள். முட்டி மோதிப் பார்த்தாள். ஓர் அடி நகர முடியவில்லை.

"எம்புள்ளையக் குடுத்துடுங்க. நானே வெச்சிக்கிறேன்."

சேதி பின்னால் போனது. கொஞ்ச நேரத்தில் தலைகளுக்கு மேலே, கைமாறிக் கைமாறி, குழந்தை வந்து சேர்ந்தது. மஞ்சள் கவுன். வாரி அணைத்துக்கொண்டாள். போன உயிர் திரும்பியது. குழந்தையின் உடம்பு சில்லென்று இருந்தது.

"காய்ச்சல் வுட்டுடுச்சுக்கா."

"பாத்தியா? நீ ஒருத்தி, எதுக்கெடுத்தாலும் சந்தேகம்," என்று சகாயமேரி சிரித்தாள்.

பூவிழிக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைத்தது. கன்னத்தில் முத்தமிட்டாள். உதட்டில் கரித்தது. காய்ச்சல் இறங்கினால் வேர்க்கும்தானே என்று நினைத்தாள். ஆனால் வேர்வை இல்லை. உதட்டில் ஒட்டியது பொடிப்பொடியாக இருந்தது. நறநறவென்று பல்லில் அரைபட்டது.

விசில் கேட்டது. பஸ் வேகம் குறைந்தது.

"இந்தாம்மா, உன் புள்ளைய வாங்கிக்கோ. அந்தம்மா இறங்கணுமாம்."

இருட்டில், தலைகளுக்கு மேலே, இன்னொரு குழந்தை வந்துகொண்டிருந்தது. மஞ்சள் கவுன். தொடையில் ஊசி போட்ட இடத்துப் பஞ்சு. அழுதுகொண்டே இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டியது.

"ம்மா."

விரல்கள் பூவிழியின் விரலைத் தொட்டன. அனலாகக் கொதித்தன.

தோளில் கிடந்ததை உதறப் பார்த்தாள். அது விடவில்லை. சின்னக் கைகள். கழுத்தைச் சுற்றி இறுகின. இன்னும் இறுகின. கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மூச்சும் வரவில்லை.

"இவ புள்ள இவகிட்டயே இருக்குதே," என்றாள் சகாயமேரி, முகத்தைப் பார்க்காமலே. "இது யாரோடதோ. பின்னாலயே குடுத்துடுங்க."

"அந்தம்மாவோடதா இருக்கும். பாவம், இறங்கிடப் போறாங்க. குடு, குடு."

சூடான விரல்கள் நழுவின. நல்ல மனசுக்காரக் கைகள் எல்லாம் ஒன்று விடாமல் உயர்ந்தன. கைமாறிக் கைமாறி, அழுகை பின்வாசலுக்குப் போனது.

"ரைட், போலாம்."

அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. வீடு கிடையாது. ஜன்னல் வழியே பூவிழி பார்த்தாள். ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. இடுப்பில் மஞ்சள் கவுன். சாலையை விட்டு நேராகப் பாத்திக்குள் இறங்கினாள். முழங்கால் வரை. இடுப்பு வரை. கணுக்கால் நனைகிற ஆழம்கூட இல்லாத தண்ணீர் அது. குழந்தை பஸ்ஸைப் பார்த்துக் கை நீட்டியபடியே இருந்தது.

பூவிழியின் தோளில் கிடந்தது மெல்லத் தலையைத் தூக்கியது. ஜன்னல் பக்கம் திரும்பியது. ஒரு கையை மட்டும் அவள் கழுத்திலிருந்து எடுத்து, டாட்டா காட்டியது.