கூட்டிச் சென்றவர்

ஜனவரியில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. கிளோறியா மேல்மாடிக்கு ஏறியபோது பள்ளிக்கூடம் காலியாகியிருந்தது.

டென்மார்க்கில், அவள் வீடு இருக்கும் பிரெடெரிசியாவிலிருந்து அரை மணி ரயில் தூரத்தில் ஒரு சிறு நகரம். கத்தோலிக்கக் கன்னியர்கள் கட்டிய செங்கல் கட்டடம். அதன் அலுவலகத்தில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. பள்ளிக்கு நூற்றைம்பது வயதாகிறது, வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதித் தரமுடியுமா என்று அதிபர் கேட்டபோது, மறுத்துப் பேசவும் களைப்பாக இருந்தது.

மேல்மாடி ஒரு காலத்தில் மாணவியர் விடுதி. இப்போது உடைந்த கதிரைகள், கிறிஸ்து பிறப்பைக் காட்டும் நத்தார்க் குடிலின் கைபோன சிலைகள். ஈரச் சுவரும் பழைய மெழுகும் மணத்தன.

விடுதிப் பதிவேடு அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. பெயர், வந்த நாள், போன நாள், கூட்டிச் சென்றவர் கையொப்பம். கையொப்பமில்லாமல் எந்தப் பிள்ளையும் வாசலைத் தாண்டக்கூடாது என்று முதற் பக்கத்தில் எழுதியிருந்தது. 1918இன் குளிர்காலத்தில் காய்ச்சலில் இறந்தவர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் சிறு சிலுவைகள்.

ஒருத்திக்கு மட்டும் சிலுவையும் இல்லை, கையொப்பமும் இல்லை. அக்னேத்த, வயது பதினைந்து.

மகள் ஸ்ரெபானிக்கும் பதினைந்து. பத்தாம் வகுப்பை ஓல்போர்க் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்கவேண்டும் என்று நின்றாள். டெனிஷ் பிள்ளைகள் அப்படிப் போவது வழக்கம். தாயின் கையெழுத்துக்காக அந்தப் படிவம் மூன்று கிழமையாகக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்கியது. காலையிலும் அதே சண்டை. பெத்து வளர்த்து வேற ஆக்களிட்டக் குடுக்கிறதோ என்று கிளோறியா கேட்டாள். நான் சாகப் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறேன் என்று மகள் டெனிஷில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கிளோறியா பதிவேட்டில் அந்த வெற்று இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியின் மாலைக் காப்பகத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோர், அங்குள்ள திரையில் பெயரைத் தட்ட மறந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போகுமுன் கிளோறியாதான் ஒவ்வொன்றாக முடித்துவைப்பாள். முடியாமல் நிற்கும் பெயரைக் கண்டால் கை சும்மா இராது. பாவம், நூறு வருடம்.

அன்றைய திகதியைப் போட்டாள். பக்கத்தில் தன் கையொப்பத்தை வைத்தாள்.

படியிறங்கும்போது பின்னால் இன்னொரு காலடி கேட்டது.

வெறுங்கால்.

ரயிலில் சனம் நெருக்கியடித்து நின்றது. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்த கணவன் நீக்கிலாஸ் அவள் தோளுக்கு மேலாக வெளியே பார்த்தான். "ஆரோட வந்தனீர்?" என்றான். "ரெண்டு பேர் நடந்து வந்த சத்தம் கேட்டுது."

பிறகு அது தொடங்கியது. தாழ்வாரத்தில் ஈரக் கம்பளியின் மணம். ஸ்ரெபானியின் அறையில் விருந்தாளிகளுக்கென்று போட்டிருந்த இரண்டாவது கட்டிலில், காலையில் யாரோ படுத்தெழும்பிய பள்ளம். கிளோறியா விரிப்பை இழுத்துச் சரிசெய்வாள். அடுத்த காலையும் சரிசெய்வாள். பதிவேட்டில் தன் கையொப்பத்தைக் கோடு போட்டு மூன்று தரம் வெட்டிப் பார்த்தாள். பள்ளம் இருந்தது.

மார்ச்சில் ஒருநாள் ஸ்ரெபானி குசினிக்கு வந்து நின்றாள். வீட்டில் டெனிஷ் தவிர வேறு பேசாதவள் அன்று தமிழில் கேட்டாள்.

"அம்மா, நான் நித்திரையா இருக்கேக்க நீங்களே வந்து தலையைத் தடவுறது?"

"ஓம்," என்றாள் கிளோறியா.

"உங்கட கை ஏன் அப்பிடிக் குளிருது?"

கிளோறியா கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின கோப்பையைத் திரும்பவும் கழுவினாள். கூட்டிவந்தது நான், என்னோடேயே இருக்கட்டும் என்று நினைத்தாள். கையைத் துடைத்துவிட்டுப் போய்ப் படிவத்தில் கையெழுத்து வைத்தாள்.

இஞ்சரும், இண்டைக்கு என்ன ஞானம் பிறந்தது என்று நீக்கிலாஸ் பகிடி விட்டான். ஸ்ரெபானி தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஓகஸ்ட் வரை கிளோறியா மகளின் அறையில் கதிரை போட்டு உட்கார்ந்து இரவுகளை விடிய வைத்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. புத்தகம் அச்சாகி, விழாவும் நடந்து முடிந்தது. அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நாட்களை மட்டும் எண்ணினாள்.

மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிய மாலை, தனியே அந்த அறைக்குள் போனாள்.

"வா," என்றாள் மெதுவாக. "இனி நானும் நீயும்தான்."

ஒன்றும் அசையவில்லை.

காலையில் விரிப்பு தட்டையாக இருந்தது. தாழ்வாரத்தில் கோப்பி மணம் மட்டும். அடுத்த நாளும் அப்படியே. தன்னைக் கொடுக்கத் துணிந்ததே போதுமாக இருந்ததோ என்று எண்ணினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அடித்துப்போட்டமாதிரி உறங்கினாள்.

பத்தாம் நாள், ஞாயிறு மத்தியானம், ஸ்ரெபானி தொலைபேசியில் வந்தாள். டெனிஷில் கலகலவென்று கதைத்தாள். சாப்பாடு பரவாயில்லை, ஆசிரியர்கள் நல்லவர்கள். அறையில் கூட இருப்பவள் அதிகம் பேசமாட்டாள், ஆனால் அன்பானவள். சனி ஞாயிறிலும் அவளைக் கூட்டிப்போக ஒருவரும் வருவதில்லை, பாவம்.

"ஒண்டுதான் விளங்கேல்லை, அம்மா," என்று சிரித்தபடி தமிழுக்கு மாறினாள். "எங்கட அறைக் கதவில என்ர பேர் மட்டும்தான் போட்டிருக்கினம். கேட்டா, உனக்குத் தனி அறைதானே தந்தது எண்டு சொல்லுகினம்."