ஒத்திவைத்த அழுகை

முகாமுக்குக் கதவு இருந்தது, பூட்டு இல்லை. முகாமை நடத்திய பனிமுகட்டுக்காரர்கள் கஞ்சர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. தப்பித்துப் போக வேண்டும் என்ற எண்ணம் உள்ளே இருந்த ஒருவருக்கும் வரவில்லை, அவ்வளவுதான். கைதிகள் காலையில் வரிசையாகப் பனி வெட்டப் போனார்கள். மாலையில் யாரும் கூப்பிடாமலேயே திரும்பி வந்து, தலை எண்ணுவதற்கு வசதியாக நின்றுகொண்டார்கள். காவலர்களுக்கும் அவர்கள்மேல் கோபமோ வெறுப்போ கிடையாது. பார்த்தால் இரண்டு அலுவலகங்கள் ஒரே கட்டடத்தில் நடப்பது போலத்தான் இருக்கும்.

எல்லாம் ஒத்திவைப்பியின் வேலை. செவ்வாய்க் கிரகத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், அரிசி அளவில் ஒரு மணி உண்டு; அதுதான் ஒத்திவைப்பி. ஊர்க்கோபுரத்திலிருந்து அலை வந்துகொண்டிருக்கும்வரை அந்த மணி உடல்வலியை மரத்துப்போகச் செய்யும். பயம், துக்கம், ஆசை, ஆத்திரம் எல்லாவற்றையும் வாங்கித் தனக்குள் அடுக்கிக்கொள்ளும். அலை நின்றால் அடுக்கியதெல்லாம் வெளியே வரும். மேலே இருப்பது முதலில், அடியில் இருப்பது கடைசியில். அழிப்பதில்லை, தள்ளிப்போடுவதுதான்.

கண்டுபிடித்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கண்டுபிடித்தார்கள். தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் பயத்தைத் தள்ளிப்போட்டார்கள். வீட்டில் சாவு விழுந்தவர்கள் துக்கத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோபுரத்தை நிறுத்துவார்கள். அன்று ஊரே கூடி அழும், சண்டை போடும், காதலிக்கும். திங்களன்று முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்க்கும். பனிக்காகப் போர் மூண்டதும் இரண்டு பக்கமும் முதலில் ரத்து செய்தது ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

இரண்டு பக்கமும் தமிழர்கள்தான். செம்பரப்பில் குடியேறியவர்களின் பாட்டன் பூட்டன் கோயம்புத்தூர்ப் பக்கம். பனிமுகட்டுக்காரர்களின் முன்னோர் திருநெல்வேலிப் பக்கம். செம்பரப்பில் மண் இருந்தது, தண்ணீர் இல்லை. பனிமுகட்டில் பனி இருந்தது, விட்டுக்கொடுக்க மனசில்லை.

மயிலாத்தாள் செம்பரப்புக்காரி. போரின் முதல் நாள் குண்டில் பள்ளிக்கூடத்தின் கூரை விழுந்தபோது அவள் மகள் பவளம் அதற்குள் இருந்தாள். செய்தி வந்தபோது மயிலாத்தாள் குழாய் இணைத்துக்கொண்டிருந்தாள். இணைத்து முடித்துவிட்டுத்தான் போனாள். பிள்ளையைப் புதைத்த இடத்தில் நின்று, இவளுக்காக அழ வேண்டியது பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பிறகு படையில் சேர்ந்தாள், பிடிபட்டாள். பிடித்த அன்றே பனிமுகட்டுக்காரர்கள் அவள் மணியைத் தங்கள் கோபுரத்து அலைக்கு மாற்றிவிட்டார்கள். அவளுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பிடிபடுவதற்கு முன்பு தளபதி தெய்வானை எல்லோருக்கும் ஒரு கட்டளை கொடுத்திருந்தாள். எதிரி கையில் சிக்குகிறவர்கள் எதிரியின் கோபுரத்தைச் சாய்க்க வேண்டும். "அது சாஞ்சா அத்தன பேருக்கும் மொத்தமா வந்து எறங்கிரும். துப்பாக்கியப் புடிக்கறதுக்கு ஆளிருக்காது. அன்னிக்கே போர் முடிஞ்சுது. நம்ம கோபுரத்தையும் நிறுத்திப்போட்டு, அவங்கவங்க செத்தவங்களுக்கு அவங்கவங்க உக்காந்து அழுவலாம்" என்றாள்.

மயிலாத்தாளுக்கு அழ வேண்டும் என்ற ஆசை இல்லை. அந்த ஆசையும் மணிக்குள்தான் போயிருந்தது. ஆனால் அழ வேண்டும் என்பது மட்டும், கழுவாமல் விட்ட பாத்திரம் மாதிரி, ஞாபகத்தில் கிடந்தது. பவளத்தின் முகத்தை நினைத்தால் யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகம்போல் வந்து நின்றது. பெற்றவளுக்கு இது நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததோடு சரி.

அந்த மாதம் பனிவெட்டு நகர்ந்து நகர்ந்து முகட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பார்த்தால் கோபுரம் தெரிந்தது. சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்திலிருந்த இருவரிடம் விஷயத்தைச் சொன்னாள். நாச்சிமுத்து வயதில் மூத்தவர், அவளுடைய ஜோடி. அர்த்தனாரி முப்பது வயதுக்காரன், பனி உருக்கும் எந்திரத்தை ஓட்டுகிறவன்.

"அண்ணா, நாளைக்குக் கோபுரத்தச் சாய்ச்சுப்போடலாமுங்களா?"

"சாய்க்கலாம்" என்றார் நாச்சிமுத்து. "கஞ்சி இன்னும் இருக்குதா?"

"உருக்கியத் தூக்கறதுக்கு மூணு பேரு வேணுமக்கா" என்றான் அர்த்தனாரி. "நாம மூணு பேரு இருக்கறோம்."

அத்தோடு திட்டம் முடிந்தது.

ஜோடி என்று சொன்னதை விளக்க வேண்டும். வலி தெரியாதவர்களுக்குக் கை வெந்தாலும் தெரியாது, கால் உறைந்தாலும் தெரியாது. அதனால் இரண்டு ஊரிலும் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி; இவர் அவருக்கும் அவர் இவருக்கும் அவ்வப்போது மேனி பார்ப்பார்கள். வெளியே போகும்போது போடுகிற அங்கியில் காற்றளவு காட்டும் முள்ளே முதுகில்தான் இருக்கும், ஜோடி பார்ப்பதற்கு வசதியாக. நாச்சிமுத்துவுக்கு மயிலாத்தாள், மயிலாத்தாளுக்கு நாச்சிமுத்து. அர்த்தனாரியின் ஜோடி ரங்கணன் என்பவர். உருக்கியைத் தூக்க மூன்று பேர் போதும் என்பதால் அவரை யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் உருக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூவரும் கதவைத் திறந்து நடந்தார்கள். வாசலில் இசக்கியப்பன் என்ற காவலர் நின்றிருந்தார்.

"எங்க போறிய?"

"பனி உருக்கறதுக்குங்க" என்றாள் மயிலாத்தாள். அது பொய்யும் இல்லை.

"இன்னைக்கு அந்தப் பக்கம் வெட்டு இல்லையே."

"இல்லீங்க."

இசக்கியப்பன் கொஞ்ச நேரம் யோசித்தார். ஓடுகிறவர்களைப் பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. இவர்கள் நடந்துதான் போனார்கள். மேற்கொண்டு கேட்கச் சந்தேகம் வர வேண்டும், சந்தேகமும் ஓர் உணர்ச்சிதானே. "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

சரிவில் ஏறும்போது வழக்கப்படி நின்று நின்று மேனி பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து மயிலாத்தாளின் முள்ளைப் பார்த்தார். அவள் அவருடையதைப் பார்த்தாள். அர்த்தனாரி மரியாதையாகக் காத்திருந்தான். மறுபடி நடந்தார்கள். பாதி வழியில் அவன் நடந்துகொண்டே முகங்குப்புற விழுந்தான்.

திருப்பிப் பார்த்தார்கள். அங்கியின் குழாயில் ஒரு சின்னக் கீறல். முள் அடியைத் தொட்டிருந்தது. மூச்சு முட்டுவதும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

"நீ பாக்கலியா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"என்ற ஜோடி நீங்கதானுங்களே."

"அதும் சரிதான்."

இருவருக்கும் கண்ணெதிரேதான் அந்த முதுகு இருந்தது. எட்டிப் பார்க்க ஒரு நொடி போதும். நடந்தது தப்பு என்று மயிலாத்தாளுக்குப் புரிந்தது. அவன் நல்லவன் என்பதும் தெரிந்தது. காதுக்குப் பின்னால் மணி லேசாகச் சூடானது, எதையோ வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. அவனை ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு, மூன்று பேர் தூக்க வேண்டிய உருக்கியை இருவரே தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டார்கள்.

கோபுரத்தை நாலு இழுகம்பிகள் தாங்கி நின்றன. இரும்பை மிச்சம் பிடிப்பதற்காகப் பனிமுகட்டுக்காரர்கள் கம்பிகளின் நங்கூரங்களைப் பனியிலேயே புதைத்து உறையவிட்டிருந்தார்கள். இந்தக் குளிரில் அதை அசைக்க யாரால் முடியும் என்று நினைத்திருப்பார்கள். மேற்குப் பக்கத்து நங்கூரத்தில் உருக்கியை வைத்தாள் மயிலாத்தாள். ஆவி குபுகுபுவென்று எழுந்தது. கோபுரத்தடியிலிருந்த காவலன் ஒருவன் வெளியே வந்து பார்த்துவிட்டு வானொலியில் தலைமையகத்துக்குச் சொன்னான். யாராவது ஓடுகிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றான். தீ உண்டா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை. சரி, பார்த்துக்கொண்டிரு என்றார்கள். அவன் கடைசிவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இரண்டாவது நங்கூரம் நழுவியதும் கோபுரம் அவசரமே இல்லாமல் சாய்ந்தது. செவ்வாயில் எதுவும் மெதுவாகத்தான் விழும்.

முதலில் குளிர் வந்தது. நாச்சிமுத்து காலைப் பிடித்துக்கொண்டு அலறினார்; அவருடைய கால்விரல்கள் எப்போதோ உறைந்துபோயிருந்தன. பிறகு அர்த்தனாரி வந்தான். மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றானே, அந்த நிற்கிற நிலை வந்தது. மயிலாத்தாள் பனியில் மண்டியிட்டு, "பாக்கலியே, நான் பாக்கலியே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவனுக்கு அடியில் மூன்று வருஷத்துப் பயம் இருந்தது. முகாம், சண்டை, செத்த தோழர்கள், அவளே சுட்ட ஆட்கள் என்று ஒவ்வொன்றாக வந்து அவளைப் புரட்டிப் போட்டன.

போனவர்கள் திரும்பவில்லை என்று இசக்கியப்பன் அவர்களைத் தேடிக்கொண்டு சரிவேறி வந்திருந்தார். இப்போது பிடிப்பதற்கு அவருக்கும் தெம்பில்லை. நாச்சிமுத்துவை இழுத்துக்கொண்டு, மயிலாத்தாளையும் தள்ளிக்கொண்டு, கோபுரத்தடிக் காவலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே காற்று இருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்த காவலன் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தான். கீழே ஊரிலிருந்து அழுகைச் சத்தம் வானொலி வழியாக வந்துகொண்டே இருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"எந்தம்பி செத்து ரெண்டு வருசம் ஆச்சு" என்றார் இசக்கியப்பன். "எனக்கு இப்பந்தான் சாகுதான்."

"பேரென்னங்க?"

"கொம்பையா. உங்க ஆளுக சுட்டதுதான். யாரு சுட்டான்னு எனக்குத் தெரியாது."

ஒருவேளை நானாகவும் இருக்கலாம் என்று மயிலாத்தாள் நினைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை.

வெளிச்சம் சாயும் நேரத்துக்கு எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வந்து சேர்ந்தது. பவளம் வந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையாக வரவில்லை, இவள் வயிற்றில் பிறந்த பிள்ளையாகவே வந்தாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எப்பவும் மாத்தித்தான் போடுவா" என்றாள் மயிலாத்தாள், விக்கலுக்கு நடுவே. "ஏன் சாமி இப்படின்னு கேட்டா, செருப்பச் சரியாத்தாம்மா போட்டேன், காலுதான் மாறிப்போச்சும்பா."

இசக்கியப்பன் அழுதுகொண்டே சிரித்தார். "எத்தன வயசு?"

"ஏழு. என்ற புள்ளைங்க. நான் குழாய் மாட்டிக்கிட்டு இருந்தேன். மாட்டி முடிச்சுட்டுத்தாம் போனேன்." நெஞ்சு பிளந்துவிடும்போல் வலித்தது. அந்த வலிக்காகத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. இது என்னுடையது, இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று நினைத்தாள். மகள் செத்த பிறகு முதல்முறையாக அவள் தாயாக இருந்தாள்.

அப்போது கதவு திறந்தது. செம்பரப்புப் படை வந்துவிட்டிருந்தது. வழியில் ஒரு குண்டுகூடச் சுட வேண்டியிருக்கவில்லை. முதலில் உள்ளே வந்தவள் தளபதி தெய்வானை. ஜெயித்த முகம் என்று ஒன்று அவளிடம் இல்லை. அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு, வேலைக்கு வந்தவள் மாதிரி நின்றாள்.

"மயிலா, நல்ல காரியம் பண்ணுன. போர் முடிஞ்சுது" என்றாள். "நடமாடும் கோபுரம் கொண்டாந்திருக்கறோம். எல்லா மணிக்கும் சேர்ற மாதிரி அலை. அந்த ஊரு ஆளுகளுக்கும் சேர்த்துத்தான். கொஞ்ச நேரத்துல சரியாப் போயிரும்."

மயிலாத்தாள் எழுந்து நின்றாள். "போர் முடிஞ்சா நம்ம கோபுரத்தையே நிறுத்தறதாச் சொன்னீங்களே."

"சொன்னேன். ஆனா நிறுத்துனா என்னாவும்னு யாரும் அதுக்கு முந்திப் பாத்ததில்ல." தெய்வானை மூலையில் சுருண்டு கிடந்தவனைப் பார்த்தாள், நாச்சிமுத்துவைப் பார்த்தாள். "வர்ற வழியில பூராம் இப்படித்தான் கெடக்கறாங்க. சில பேரு முகட்டுலிருந்து குதிச்சுப்போட்டாங்க. நம்மூர்ல அதவிட ஜாஸ்தி சேந்து கெடக்குது. நீ சாய்ச்ச பொறவுதான் தெரிஞ்சுது, நம்மளுத எப்பவுமே நிறுத்த முடியாதுன்னு. சபையில முடிவே பண்ணியாச்சு."

"அம்மிணி, சீக்கிரம் போடச் சொல்லுங்க" என்று நாச்சிமுத்து தரையிலிருந்து கெஞ்சினார். "காலு தாங்கல. எம்பொண்டாட்டி வேற வந்துட்டா. தாங்கல."

"அண்ணனுக்கு வேணுமின்னா போடுங்க. எனக்கு வேண்டாமுங்க." மயிலாத்தாள் தளபதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ற புள்ள இப்பத்தானுங்க வந்திருக்கறா. ஒரு மணி நேரம் குடுங்க. அழுது முடிச்சுக்கறேன்."

தெய்வானை நியாயமாக யோசித்துப் பார்த்தாள். கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இல்லை. கொடுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் தெரியவில்லை. இறங்கியதும் நடமாடும் கோபுரத்தை நிமிர்த்த வேண்டும் என்பது உத்தரவு; வெளியே ஆட்கள் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அவள் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் முடித்துவிட்டார்கள்.

நாச்சிமுத்துவின் முனகல் நின்றது. மூலையில் கிடந்தவன் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். வானொலியில் அழுகை ஓய்ந்து, யாரோ யாரிடமோ தண்ணீர்க் குழாயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இசக்கியப்பன் ஈரமான கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத புதுக் கைதியாக நின்றார்.

தெய்வானை அப்போதுதான் தீர்மானத்துக்கு வந்தாள்.

"ஒரு மணி நேரம் கேட்டயே மயிலா. குடுக்கறதுல ஒண்ணும் தப்பில்ல. கோபுரத்த வேணா நிறுத்தச் சொல்றேன். வேணுமா?"

மயிலாத்தாள் தளபதியின் கையை விட்டுவிட்டு யோசித்தாள். கேட்டது ஞாபகம் இருந்தது. யாருக்காகக் கேட்டாள் என்பதும் ஞாபகம் இருந்தது.

"வேண்டாமுங்க" என்றாள்.