நீல ரயிலில் ஒரு படுக்கை காலி

பச்சை வார் வைத்த அந்த ஜோடிச் செருப்பு போன வாரம் ரயில் பெட்டிக்குள் இல்லை.

ஃபக்ருன்னிசா தூசி தட்டும் தூரிகையைப் பிடித்தபடி நின்றாள். கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் நீல ரயில் நின்றது. ஜப்பானில் ராத்திரி முழுக்க ஓடி, ஆட்களைத் தூக்கத்திலேயே ஊர் சேர்க்கும் படுக்கை ரயிலின் பொம்மை வடிவம். நிஜத்தில் எண்பதில் ஒரு பங்கு. கடைசிப் பெட்டியின் கூரையைக் கழற்றினால் கடைசி அறை தெரியும். எதிரெதிராகக் கீழே இரண்டு படுக்கைகள், மேலே இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நகத்தளவு நீலத் திரை, ஏறுவதற்குத் தீக்குச்சிப் பருமனில் ஏணி. ஏணியடியில்தான் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக அந்தச் செருப்புகள் கிடந்தன. மேல் படுக்கைகளில் ஒன்றின் திரை மூடியிருந்தது. போன வாரம் அது திறந்திருந்ததும், உள்ளே தலையணையின் தூசியைத் தான் ஊதித் தள்ளியதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"வாப்பா, இது நீங்க ஒட்டினதா?"

சம்சுதீன் நாற்காலியிலிருந்து எழுந்து பூதக்கண்ணாடியோடு வந்தார். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"நல்ல வேலைப்பாடு. என் கண்ணுல படவேயில்ல பாரேன்."

"ஜப்பான்காரன் பச்சை வார் செருப்பா போடுவான்?"

"நீ போய்ப் பாத்துட்டு வந்தியா? தூசியத் தட்டு."

அவர் போயிருக்கிறார். வாலிபத்தில் பழைய கார் ஏற்றுமதி செய்யும் ஒருவரிடம் வேலை பார்த்தபோது, வடக்கே போகும் நீல ரயிலில் ஒரே ஒரு ராத்திரி. அப்படி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு வாய்க்கவேயில்லை என்பார். அந்த ஒரு ராத்திரிக்காக இந்த வீட்டில் அலமாரி அலமாரியாகப் பொம்மை ரயில்கள் நிற்கின்றன. அவற்றைத் துடைக்க ஆள் வேண்டும் என்பதற்காகவே தன் பள்ளிப் படிப்பை வாப்பா நிறுத்தினார் என்று அவள் நினைப்பதுண்டு. உம்மா மவுத்தான பிறகு வீட்டைப் பார்க்க ஆளில்லை என்றுதான் அவர் சொன்னார். வீட்டில் பார்க்க இந்த ரயில்களைத் தவிர என்ன இருந்தது?

இந்தக் கடைசிப் பெட்டி மட்டும் புதிது. ஊரின் இன்னொரு மூலையான போட்டாதாங்கில் ஜப்பான் பழைய சாமான் விற்கும் கிடங்கில், இறந்துபோன யாரோ ஒருவர் வீட்டைக் காலி செய்து அனுப்பிய கண்டெய்னரில், சோற்றுக் கிண்ணங்களுக்கும் கம்பளிகளுக்கும் நடுவே கிடைத்தது. வாங்கி வந்தபோதே அதில் ஒரு கீழ்ப் படுக்கையின் திரை மூடியிருந்தது. அடியில் ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு. அதைப் பார்த்துத்தான் வாப்பா மயங்கினார். "திரைய மூடிட்டுச் செருப்பக் கீழ வச்சிட்டா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். யாரும் தொட மாட்டான், எழுப்ப மாட்டான். மரியாதை தெரிஞ்ச ஊரு."

இந்தப் பர்மிய நகரத்தில், அவர்கள் குடியிருக்கும் லான்மடாவில் செருப்புக்கு வேறு அர்த்தம். ராத்திரி யார் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்று பார்க்க வார்டு ஆபீசிலிருந்து ஊ தெய்ன் என்ற அதிகாரி வருவார். கதவைத் தட்டுமுன் வாசலில் கிடக்கும் செருப்புகளின் மேல் டார்ச்சை அடிப்பார். செருப்பைவிட ஆள் கூடினால் கேள்வி, ஆளைவிடச் செருப்பு கூடினாலும் கேள்வி. அதனால் இந்த வீட்டு வாசலில் எப்போதும் இரண்டு ஜோடிதான். வாப்பாவின் பழுப்புத் தோல் செருப்பு, அவளுடைய ரப்பர் செருப்பு. பட்டாளத்துக்கு வாலிபர்களைப் பிடிக்கத் தொடங்கிய வருஷம் அவளுடைய அண்ணன் நிஹாலின் செருப்புகளை அவளே அடுப்பில் போட்டு எரித்தாள். அந்த ரப்பர் நாற்றம் போக வெகுநாள் ஆனது.

நிஹால் தாய்லாந்துக்குப் போய்விட்டதாக ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். அவன் அலமாரிக்குப் பின்னால் இருந்தான். சுவருக்கும் பலகைத் தடுப்புக்கும் நடுவே, நீட்டிப் படுத்தால் தலையும் காலும் முட்டும் இடம். வாப்பாதான் அளந்து அடித்துக் கொடுத்தார். "ரயில் படுக்கை மாதிரியே இருக்குடா," என்று அப்போது சந்தோஷப்பட்டார். ஜப்பானில் வேலைக்கு அவனுக்கு ஆர்டர் வந்தபோது அப்போதிருந்த தன் கடையை யார் பார்ப்பது என்று தடுத்தவரும் அவர்தான். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு, கரண்டு இல்லாத நேரம் பார்த்து, நிஹால் வாசலில் கிடக்கும் தோல் செருப்பை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவான். அவனுடைய நாளே அவ்வளவுதான்.

அன்று மாலை அவள் தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கியபோது, இரண்டாம் மாடிப் படியில் புஷ்பா அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் பிரேம்நாத்தைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. போன் ரிப்பேர் செய்கிறவன். எதிர்ப்படும்போதெல்லாம் "என்ன ஃபக்ரு, ரயிலு எத்தனை மணிக்கு?" என்று கேலி செய்கிறவன்.

"வெறுங்காலோடதான் இழுத்துக்கிட்டுப் போனானுங்க," என்றாள் புஷ்பா அக்கா. "செருப்பு போட்டுக்கறேன்னு கெஞ்சினான், விடல. ஆனா வாசல்ல பாத்தா செருப்பக் காணோம். பச்சை வாரு, வெல்வெட்டு. அத எவன் எடுத்திருப்பான் சொல்லு."

ஃபக்ருன்னிசா மோட்டார் போடாமலே மேலே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அலமாரிப் பக்கம் அதிகம் போகவில்லை. ஆனால் காது மட்டும் அங்கேயே போனது. கரண்டு நின்றதும் தெருவின் மின்விசிறிகள் எல்லாம் ஓய்ந்து, எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமத் தொடங்குவதற்குள் ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதியில் அலமாரிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. டக்டக். கொஞ்சம் விட்டு, டக்டக். தண்டவாளத்தின் இணைப்பை இரும்புச் சக்கரம் தாண்டும் சத்தம். வெகு தூரத்திலிருந்து வருவது போல, ஆனால் தலைமாட்டிலேயே. கூடவே கஞ்சி போட்டுத் தேய்த்த படுக்கை விரிப்பின் வாடை. இந்த வீட்டில் யாரும் விரிப்புக்குக் கஞ்சி போடுவதில்லை.

"நானா, உனக்குக் கேக்குதா?" என்று தடுப்பில் வாய் வைத்து அண்ணனிடம் கேட்டாள்.

"என்னது? எலியா?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

"கருவாடு உப்பு. நீ ஆக்குனதுதானே, வேற எப்படி இருக்கும்." அவன் சிரித்தான். பிறகு, "இப்பல்லாம் நல்லா தூக்கம் வருது ஃபக்ரு. ஆட்டுற மாதிரி இருக்கு," என்றான்.

அடுத்த வாரம் அவள் பால்கனியில் நின்றாள். கீழேயிருந்து மணியடிக்கத் தொங்கவிட்டிருந்த கயிறு மழையில் சிக்கிக்கொண்டதை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, நேர் கீழே டீக்கடைப் பந்தலில் வாப்பாவின் குரல் கேட்டது. பர்மிய மொழியில், பணிவாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஊ தெய்னின் பெயரைச் சேர்த்துக்கொண்டு பேசினார். ரொட்டிக் கடை ஆசிக் வீட்டில் படுப்பதில்லை, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கிறான் என்றார். போன தடவை சொன்னதும் சரியாகத்தானே இருந்தது என்றார்.

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. மணி ஒரு தரம் அடித்து ஓய்ந்தது.

வாப்பா மேலே வந்ததும் கேட்டாள். அவர் மறைக்கவில்லை. மழைக்காலத்துக்கென்று வாங்கிய கறுப்பு ரப்பர் ஷூவைக் கழற்றி, வாசலில் விடாமல் வழக்கம்போலக் கையில் எடுத்துவந்து கட்டிலடியில் தள்ளினார்.

"நம்ம புள்ளயக் கேக்காம இருக்கணும்னா வேற புள்ளயக் காட்டணும். நான் என்ன ஆசைப்பட்டா சொன்னேன்?"

"ஆசிக் இந்த வீட்டுச் சோறு தின்னவன் வாப்பா."

"நிஹாலும்தான் தின்னுறான்."

மறுநாள் விடியுமுன் ஆசிக்கைக் கொண்டுபோனார்கள். அன்று பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் அவள் பெட்டியின் கூரையைக் கழற்றினாள். கூரையைத் தட்டில் வைத்தாள். இன்னொரு மேல் படுக்கையும் மூடியிருந்தது. ஏணியடியில் ஆரஞ்சு நிற ரப்பர் செருப்பு. பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனாள். இடது செருப்பின் வார் அறுந்த இடத்தில் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. அந்தக் கம்பியை ஆசிக் முறுக்கியபோது அவள் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாள்.

ஒரு படுக்கை மட்டும் திறந்திருந்தது. கீழ்ப் படுக்கை. விரிப்பின் ஒரு மூலை, ஆள் ஏறுவதற்கு வசதியாக, மடித்து விடப்பட்டிருந்தது.

பட்டாளத்துக்குப் பிடிக்கும் வயதில், நிஹாலைத் தவிர, இந்தத் தெருவில் இனிப் பையன்கள் இல்லை.

பெட்டியைத் தூக்கி ஆற்றில் போடலாம் என்று முதலில் நினைத்தாள். உள்ளே இருப்பவர்களோடு சேர்த்தா? முடியவில்லை. பிறகு, காலியாக இருப்பதால்தானே ஆள் தேடுகிறது என்று தோன்றியது. செருப்பு வைத்துவிட்டால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் தொட மாட்டார்கள். அது யார் செருப்பாக இருக்கவேண்டும் என்று யோசிக்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. அது அவளையே திடுக்கிட வைத்தது. அந்த நீல ரயிலில்தானே வாப்பாவுக்குத் தூக்கம் வந்தது, போய்த் தூங்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

வாசலுக்குப் போய், தோல் செருப்பின் உள்வாரிலிருந்து பிளேடால் ஒரு பொடிச் சீவலை எடுத்தாள். வாப்பாவின் இடுக்கியால் பிடித்து, வாப்பாவின் பசையால் ஒட்டி, எள்ளளவில் ஒரு ஜோடி செய்து கீழ்ப் படுக்கையடியில் வைத்தாள். திரையை அவள் மூடவில்லை.

கூரையை மாட்டினாள். டக்டக். சத்தம் நின்றது.

மறுநாள் மாலை முழுக்க அவள் வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டீ குடிப்பதை. நகம் வெட்டுவதை. தொழுதுவிட்டு எழும்போது முட்டியைப் பிடித்துக்கொள்வதை. மஃரிபுக்குப் பிறகு கரண்டு போனது. நிஹால் மாடிக்குப் போய்விட்டு வந்து உள்ளே நுழைந்துகொண்டான். வாப்பா மெழுகுவர்த்தி கொளுத்தினார்.

படியில் காலடிகள். கயிற்று மணி அடிக்கவில்லை. தெரிந்தவர்கள்தான் கயிற்றை இழுப்பார்கள்.

கதவிடுக்கின் அடியில் டார்ச் வெளிச்சம் வந்து, நின்று, நகர்ந்தது. செருப்பை எண்ணுகிறார்கள்.

ஊ தெய்ன் இரண்டு பேருடன் உள்ளே வந்தார். கட்டிலடி பார்த்தார்கள். குளியலறை பார்த்தார்கள். பரணில் குச்சியால் குத்தினார்கள். ஊ தெய்னின் டார்ச் அலமாரியின் மேல் விழுந்து நின்றது.

"அழகா இருக்கு, ஊ சம்சுதீன். இது ஓடுமா?" என்றார், பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு ஊ சேர்த்து.

வாப்பாவின் முகம் மலர்ந்தது. நீல ரயிலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எந்த ஊரில் புறப்படும், எந்தக் கடலுக்கு அடியில் போகும், விடியற்காலை பனி எப்படித் தெரியும். ஊ தெய்ன் கொட்டாவி விட்டார். வாசலில் இரண்டு ஜோடி, வீட்டில் இரண்டு பேர், சரி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வாப்பா கதவைத் தாழிட்டார். முழுசாக, உயிரோடு, அவள் முன்னால் நின்று சிரித்தார்.

"பாத்தியா, போயிட்டானுவ."

ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. தான் செய்ய நினைத்தது வாப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. நாளைக்கே அந்தச் சீவலை எடுத்துவிடலாம். நிஹாலிடம் சொல்ல அலமாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினாள். ஆபத்து போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பதில் தட்டு வரவில்லை.

மறுபடி தட்டினாள்.

டக்டக்.

அது தட்டு இல்லை.

வாசற்கதவைத் திறந்து பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவளுடைய ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது. இப்போதுதானே இரண்டு ஜோடி என்று எண்ணினார்கள். பக்கத்தில் ஈரத்தில் பதிந்த கால் தடம், மாடியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவனின் தடம். நீண்ட இரண்டாவது விரல். அதே விரல் அழுந்திப் பள்ளமான அந்தத் தோல் செருப்பைத் தினம் காலையில் துடைத்து வெயிலில் வைக்கிறவள் அவள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வாப்பா அதைப் போடவேயில்லை. நிஹால்தான் போட்டான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே மறந்திருந்தாள்.

அலமாரியை இழுத்தாள். ரயில்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. "ஏய், ஏய், பாத்து," என்று வாப்பா கத்தினார்.

தடுப்புக்குப் பின்னால் பலகை. பலகையின் மேல், அங்கே எப்போதும் இல்லாத வெள்ளை விரிப்பு, கஞ்சி போட்டது. ஒரு மூலை மடிந்திருந்தது. நடுவில் ஆள் படுத்த பள்ளம். கை வைத்தாள். சூடாக இருந்தது. கீழே தோல் செருப்புகள், ஜோடியாக, வெளியே பார்த்து.

அந்த நேரம் கரண்டு வந்தது. "மீ லா பீ!" தெரு முழுக்கப் பிள்ளைகள், வெளிச்சம் வந்துவிட்டது என்று வழக்கம்போலக் கூச்சலிட்டார்கள். அலமாரி விளக்கு எரிந்தது. எல்லா ரயிலும் சரிந்திருக்க, கடைசிப் பெட்டி மட்டும் நிமிர்ந்து நின்றது. ஜன்னல் வழியே பார்த்தால் நான்கு திரைகளும் மூடியிருந்தன.

வாப்பா பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

"அட," என்றார், குரல் குழைந்து. "எவ்வளவு நுணுக்கம் பாரு புள்ள. ஜன்னல்ல கைகூட வச்சிருக்கான்."

பெட்டியின் சின்னஞ்சிறு ஜன்னலில், உள்ளிருந்து, ஒரு கை அழுந்தியிருந்தது. அதற்கு மேலே கண்ணாடியில் கடுகளவு ஆவி படர்ந்தது. மறைந்தது.

மறுபடி படர்ந்தது.