ஏணிய எறக்குடா

ஜீவன் எந்த விசையையும் அழுத்தவில்லை. ஆனாலும் கணினி விளையாட்டில், நிலவில் இறங்கி நின்ற ராக்கெட்டின் பக்கவாட்டிலிருந்து ஏணி தானாக நீண்டது.

அம்பிட்டியவில் பின்னேரம் நான்கு மணிக்கே பனிமூட்டம் மேல்மாடி யன்னல் வரை ஏறியிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர், ஈரச் சுவரின் பூஞ்சண வாடை, கீழே குசினியில் அம்மா கருவாடு பொரிக்கும் மணம் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. வழக்கத்தில் இல்லாதது அந்தச் சத்தம். விளையாட்டு ஏணி நீளும்போது மெல்லிய மோட்டார் இரைச்சல்தான் கேட்கும். இதுவோ படிக்குப் படி கொக்கி விழும் சத்தம். டக். டக். வீட்டுப் பின்சுவரில் கட்டிக் கிடக்கும், இழுத்து நீட்டுகிற அலுமினிய ஏணியின் சத்தம். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். சத்தம் நிற்கவில்லை.

ஏணியடியில் ஒரு விண்வெளி வீரன் நின்றான். தலைக்கு மேல் பெயர்: கிருஷ்ணராஜ்.

அந்த ராக்கெட்டைக் கட்டியவனே கிருஷ்ணராஜ்தான். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, "ஏணி வைக்க மறந்தா எறங்கினவன் அவ்வளவுதான் மச்சான்" என்று சிரித்தவன். மூன்று மாதத்துக்கு முன், பின்வளவு நிலத்தடித் தொட்டியைக் கழுவ அவன் இறங்கியதும் ஜீவன் அந்த அலுமினிய ஏணியை மேலே இழுத்துவிட்டான். சும்மா பகிடிக்கு. "டேய், ஏணிய எறக்குடா!" என்று அவன் கத்த, இவன் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்கப் போனான். தண்ணீர் இறைக்கும் பெற்றோல் இயந்திரம் தொட்டி வாயிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகை உள்ளே இறங்கும் என்று இந்தப் பாவி நினைக்கவேயில்லை. திரும்பி வந்தபோது கத்தல் இல்லை. ஏணியை மறுபடி உள்ளே வைத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டான்.

"ஏணி இருந்துச்சுதானே தம்பி? அப்புறம் ஏன் என் புள்ள ஏறி வரல?" கிருஷ்ணராஜின் அம்மா செத்த வீட்டில் கேட்டார்.

"இருந்துச்சும்மா," என்றான், அவர் கையைப் பிடித்துக்கொண்டே.

திரையில் வீரன் முதல் படியில் கால் வைத்தான். பின்சுவர் அதிர்ந்தது.

"ஜீவன்!" கீழே அம்மாவின் குரல். "ஏணிய ஏன்டா ஒன் யன்னல்ல சாத்தி வச்சிருக்க?"

யன்னல் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. திரையையே பார்த்தான். வீரன் பாதித் தூரம் ஏறிவிட்டான். டக். பெற்றோல் புகை வாடை. டக்.

ஏணியை உள்ளே இழுக்க ஒரு விசை இருந்தது.

"மன்னிச்சிரு மச்சான்."

அழுத்தினான். அதே கைதான்.

ஏணி சுருங்கியது. வெளியே ஏதோ கடகடவென்று சரிந்து விழுந்தது. வீரன் விழவில்லை. ஏணி இல்லாத இடத்தில் ஏறினான். கை. கால். கை.

"ஐயோ, யாருடா அது!" அம்மா அலறினாள். "ஏணி இல்லாமலே செவுத்துல ஏறுறது!"

யன்னல் சட்டத்தில், தொட்டிப் பாசி படிந்த ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.