இரண்டரை நொடி இருட்டு

பாக்கியசீலிக்கு அன்று வந்தது பன்னிரண்டாவது புகார். இதிலும் அதே பாட்டுத்தான்: "லிவரை இழுத்தால் திரை இருட்டாகிவிடுகிறது. எரிச்சலாக இருக்கிறது."

இருட்டாகத்தான் செய்யும்! நூறு வருஷத்துக்கு முந்தைய ஒளித்தட்டு வீடியோ ஆட்டம் அது. சமயம் பார்த்து லிவரை இழுத்தால், தட்டைப் படிக்கும் ஒளிக்கண் அடுத்த படத்துண்டைத் தேடி ஓடும். போய்ச் சேரும்வரை திரை கறுப்பு. அந்தப் பழைய ஆட்டத்தைப் புதுக் கணினியில் அப்படியே ஓட்ட பாக்கியசீலி கட்டிய நகலியக்கி அந்தக் கறுப்பையும் பிசகாமல் நகலெடுத்தது. பணகுடிப் பயிற்சிக்கூடத்தில் அதை வைத்ததே அதற்காகத்தான். நிலவைக் குடையும் இயந்திரங்களை இங்கே உட்கார்ந்துதான் ஓட்டுகிறார்கள். இங்கே இழுத்தது அங்கே போய், அங்கே நடந்தது இங்கே தெரிய இரண்டரை நொடி. ஒரு தடவை இழு, கையை மடியில் வை, காத்திரு. அந்தக் காத்திருப்புக்கு 'இமை' என்று பேர் வைத்திருந்தார்கள்.

"பத்துக்கு ஒருத்தன்தாம்மா தேறுதான்," என்றார் கூடத்தின் தலைவர் ஆவுடையப்பன். "இன்னும் ஆள் வந்தாத்தான் மூணாவது ஷிஃப்ட் ஓடும். அது ஓடினாத்தான் உங்க வீட்டுக்காரரைக் கீழ இறக்குவாங்க. அந்த இமையைத் தூக்கிருங்க."

அவள் புருஷன் ஞானதிரவியம் பதினாலு மாதமாக நிலவில், அந்த இயந்திரங்களின் காலடியில் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். "எப்ப வருவேன்னு மட்டும் கேக்காத பிள்ள," என்பான் ஒவ்வொரு அழைப்பிலும்.

நகலியக்கியில் 'துல்லியம்' என்றிருந்ததை 'இலகு' என்று மாற்றினாள்; இமை போயிற்று. பாழாய்ப்போன கை, கொஞ்சமாவது தயங்கியதா? இல்லை. அந்த மாதமே நாற்பது பேர் தேறினார்கள். கூடத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள்.

மூன்றாவது ஷிஃப்ட் தொடங்கிய ஒன்பதாம் நாள், குடையும் இயந்திரம் ஒரு எட்டு வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு எட்டு வைத்தது. இரண்டாவது எட்டில் ஞானதிரவியம் சுவரோடு நசுங்கிப் போனான்.

ஓட்டியவள் முப்பிடாதி, முழு மதிப்பெண் வாங்கியவள். பாக்கியசீலியின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"எக்கா, இழுத்தேன், படம் அசையல. கை பதறி மறுபடி இழுத்துட்டேன்க்கா. நீங்க செஞ்ச மிஷின் ஒருநாளும் இப்படி நின்னதில்லியே!"

பாக்கியசீலியால் அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

இமை திரும்பி வந்தது. இயந்திரத்தின் கண் பிடித்த விபத்துப் படத்தையே பாடமாக வைக்க உத்தரவானது. அவள்தான் ஏற்றினாள்; வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. முதல் நாளே பதினேழு பேர் இரண்டு தடவை இழுத்தார்கள். பதினேழு தடவையும் அவன் செத்தான்.

ஆவுடையப்பன் அவளிடம் வந்தார். "சரியா ஒரே தடவை இழுத்தவங்களுக்கு, இருட்டுக்குப் பிறகு ஒண்ணுமே தெரிய மாட்டேங்கும்மா. அவரு நடந்து வெளிய வாற மாதிரி ஒரு துண்டு செஞ்சு போட்டுருவோமா? ஆடுதவங்களுக்கும் ஒரு நிறைவா இருக்கும்."

"அப்படி நடக்கலியே சார். நடக்காததை எங்க போய் நகலெடுக்க?"

அவர் போன பிறகு அவளே உட்கார்ந்தாள். திரையில் ஞானதிரவியம் குனிந்து திருகு முடுக்கிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை இழுத்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டரை நொடி போயிற்று. பத்து நொடி போயிற்று. கறுப்புத் திரையின் மூலையில் 'தேர்ச்சி' என்று மட்டும் எழுதி வந்தது.